பின்லாந்தில் கற்ற தறி

ஆரணியிலிருந்து போளூர் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் ஒரு பட்டு நெசவாளரும் அவர் மகளும். பின்லாந்துப் பள்ளியில் ஓராண்டு படித்து, போன வாரம்தான் திரும்பியவள். அந்தப் படிப்பு இங்கே செல்லாவிட்டால் ப்ளஸ் ஒன் மறுபடியும். அவள் கைபேசிக்கு இங்குள்ள பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது.

“அப்பா, ஒத்துக்கினாங்க! நேரா ப்ளஸ் டூ!”

கல்வித் துறைக் கோப்புகளோடு காலம் கழித்த நான், இவ்வளவு சீக்கிரம் முடிவு வந்து பார்த்ததில்லை.

“எல்லாப் பாடமுமா?” என்றார் நெசவாளர்.

“ஒண்ணு கொறஞ்சுதாம். அங்க தறி நெய்யக் கத்துக்கினதைப் பாடமா சேர்த்துக்கினாங்க.”

“ஆரணில பொறந்துட்டு, தறி கத்துக்க பின்லாந்துக்குப் போனியா? நம்ம வூட்லயே தறி ஓடிகினு இருக்குதே! கூப்ட்டா ஓடுவியே!”

“நீ திட்டுவப்பா. அவங்க மார்க் போட்டாங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் நடத்துநரே திரும்பிப் பார்த்தார்.