பேனர் மறைத்த வரி

மேடையில் வீற்றிருக்கும் மண்டலக் கல்வி அதிகாரி அவர்களே! கணவரை இழந்த துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாட்சாயணி அம்மையார் அவர்களே! புத்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, பெற்றோர்களே! சீருடையோடு வெயிலில் நிற்கும் கட்டடப் பிரிவு மாணவ மாணவியரே! இந்தப் பள்ளியின் தலைமையாசிரியன் முரளிதரன் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

எழுதி வைத்திருந்த உரை என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை நான் படிக்கப் போவதில்லை. சற்று முன் அதிகாரி அவர்கள் பேசியதைக் கேட்ட பிறகு அதைப் படித்தால் நான் மனிதனே அல்ல.

அவர் சொன்னார்: "தனசேகர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் போட்ட கூரையில் விரிசல் விட்டிருக்கிறது. இப்படி ஒரு பாடம் இந்தப் பள்ளிக்குத் தேவையா என்று யோசிக்க வேண்டும்." நீங்களும் தலையை ஆட்டினீர்கள். ஆட்டாமல் என்ன செய்வீர்கள்? காலையிலிருந்து புத்தூர் டீக்கடையிலேயே இந்தப் பேச்சுதானே! அம்மையார் அதைக் கேட்டுக்கொண்டே இங்கு வந்திருக்கிறார். நான் அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்ததோடு சரி.

யார் இந்தத் தனசேகர்? எட்டு ஆண்டுகள் நம் பள்ளியில் கட்டட வேலை கற்பித்த பயிற்றுநர். செங்கல் அடுக்க, கம்பி கட்ட, மட்டம் பார்க்கக் கற்றுத் தந்தவர். நம் சுற்றுச்சுவரை மாணவர்கள் கட்டியபோது நாலு வரிசை எழும்பியதும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். அரை அங்குலம் சாய்ந்திருந்தது. மொத்தத்தையும் பிரிக்கச் சொல்லிவிட்டார். எனக்கு எரிச்சல். "யாருய்யா பார்க்கப் போறாங்க?" என்று கேட்டேன். "நிக்கறப்போ யாரும் பாக்க மாட்டாங்க சார். விழுந்தா ஊரே வந்து பாக்கும்" என்றார். பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள். இப்போது பின்வரிசையில் நீங்கள் சாய்ந்துகொண்டிருப்பது அந்தச் சுவரில்தான்.

அதோ நிற்கிறாரே செங்கமலம், பன்னிரண்டாம் வகுப்பு தரணியின் தாயார், அவர் ஒருநாள் என் அறைக்கு வந்து சண்டை போட்டார். "நான் பொண்ண படிக்க அனுப்பினா, இங்க ஜல்லி வாரிக்கினு இருக்குதே! இது என்ன ஸ்கூலா?" தனசேகர் பொறுமையாகச் சொன்னார்: "ஜல்லி வார்றதுக்கு ஆள் கெடைக்கும்மா. இது சரியில்ல, நிறுத்துன்னு சொல்ல ஆள் கெடைக்காது. உன் பொண்ணு சொல்லும் பாரு." சொன்னாள் அம்மா! உங்கள் பெண் சொன்னாள்! அவள் யாரைப் பார்த்துச் சொன்னாள் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எனக்குப் பின்னால் இருக்கும் இந்தப் புதிய அறைக்குக் கூரை போட்டு இன்று பதின்மூன்றாம் நாள். இருபது அடி அகலம். மாணவர்கள் போட்ட கூரைகளிலேயே இதுதான் பெரியது. கான்கிரீட் போட்ட மூன்றாம் நாள் காலை, கூரைக்குத் தண்ணீர் விட ஏணியில் கால் வைத்த தனசேகர் அப்படியே கீழே உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கூரையைத் தாங்கும் முட்டுக்கழிகளை அவர் குறித்த நாளில்தான் பிரிக்க வேண்டும். பிரித்த அன்று, கான்கிரீட் கலந்தவர்கள்தான் முதலில் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களை உள்ளே விடுவார். சைக்கிள் கொட்டகைக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் அப்படித்தான் நடந்தது. இந்தக் கூரை போட்ட அன்று என் கையிலும் ஒரு சட்டி கான்கிரீட்டைக் கொடுத்தார். "எச்.எம். சாரும் ஒரு சட்டி தூக்குங்க. அப்பத்தான் எங்களோட உக்காந்து துன்ன முடியும்" என்று சிரித்தார்.

நான் என்ன செய்தேன்? அவர் கட்டிய அறையிலேயே அவருடைய இரங்கல் கூட்டத்தை நடத்த வேண்டும், அதுதான் அவருக்கு மரியாதை என்று முடிவு செய்தேன். அறையின் வெளிச்சுவரில் அவர் கரியால் ஏதோ எழுதி வைத்திருந்தார். பேனர் கட்ட அந்த இடம்தான் வசதியாக இருந்தது. எழுத்தின் மேலேயே அவருடைய படம் போட்ட பேனரைக் கட்டினேன். நேற்றுச் சாயங்காலம், கூரைக்கு அடியில் தகடும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் நாகையாவைக் கூப்பிட்டு, கழிகளைப் பிரிக்கச் சொன்னேன்.

நாகையா தயங்கினார். "சார், நாளு ஆவலியே" என்றார். "பொறுப்பு என்னுடையது, பிரி" என்றேன்.

நடுவிலிருந்து மூன்று கழிகளும் இரண்டு தகடுகளும் வந்துவிட்டன. அப்போதுதான் தண்ணீர்க் குழாயோடு தரணி வந்தாள். "சார், நிறுத்துங்க! பச்சைக் கூரை சார், இன்னும் இறுகல, உக்காந்துடும்!" என்று கத்தினாள். நான், தலைமையாசிரியன், சொன்னேன்: "பெரியவங்க காரியத்துல நீ வராதே, போ."

அவள் போகவில்லை. பிரிக்கும்போது கீழே யாரும் நிற்கக்கூடாது என்பது தனசேகரின் முதல் கட்டளை. அதை நன்றாகத் தெரிந்த பெண், நேராக உள்ளே போய் நடுவில் நின்றாள். "நான் இங்கதான் நிப்பேன். இப்ப அடிங்க சார்" என்றாள். நாகையா சுத்தியைக் கீழே போட்டார். அவள் தலைக்கு மேலே, ஒரு முழ நீளத்துக்கு, மயிரிழை போல ஒரு கோடு விழுந்திருந்தது.

உடனே கழிகளை மறுபடி முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டோம். அதனால்தான் இன்று நீங்கள் அந்தக் கூரையின் கீழே இல்லாமல் இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் பெண் வந்திருக்காவிட்டால்? இருநூறு பேர்! உங்களை எல்லாம் அழைத்து அங்கே உட்கார வைத்திருப்பேனே!

அதிகாரி அவர்களே! காலையில் உங்களிடம் தொலைபேசியில், "கூரையில் விரிசல் விட்டிருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். யாரால் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம்! நான் வெட்கப்படுகிறேன். தாட்சாயணி அம்மா, உங்கள் கணவர் தப்பாக எதையும் கட்டவில்லை. கெடுத்தவன் நான். நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். இந்தக் காகிதத்தை அதிகாரி அவர்களிடம் இப்போதே கொடுக்கிறேன். என் மீது நடவடிக்கை எடுங்கள். ஆனால் இதைக் காரணம் காட்டி இந்தப் பாடத்தை மூட நான் விடமாட்டேன். நேற்று இந்தப் பள்ளியில் சரியாகப் படித்திருந்தது ஒரே ஒருத்திதான், அவள் படித்தது இந்தப் பாடத்தை.

அவர் குறித்த நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அதுவரை இந்தப் பிள்ளைகளோடு நானும் ஏணியில் ஏறித் தண்ணீர் விடுவேன். திருப்பதியிலிருந்து பொறியாளர் வந்து சோதிப்பார். இடிக்க வேண்டும் என்றால், முதல் சம்மட்டியை நான் பிடித்து, முதல் செங்கல்லிலிருந்து இவர்களோடு கற்றுக்கொள்வேன். நிற்கும் என்றால், அந்தக் கோட்டுக்கு நேர் கீழே எனக்கு ஓர் இலை போடுங்கள். ஒரு சட்டி தூக்கியிருக்கிறேன், எனக்கு அந்த உரிமை உண்டு. புதிய பயிற்றுநர் வரும்வரை ஒவ்வொரு அலுவலகப் படியாக ஏறுவேன். தனசேகர் அவர்களே, இது உங்கள் படத்தின் முன் நான் கொடுக்கும் வாக்கு.

கடைசியாக ஒன்று. தரணி, நாகையா, இந்தப் பேனரை அவிழ்த்துவிடுங்கள். படம் தெரியும்படி மடித்து நாற்காலியில் வைக்கலாம். அவர் எழுதியதை எல்லோரும் பார்க்கட்டும். மேலே தெலுங்கில், கீழே தமிழில். நேற்று ராத்திரிதான் டார்ச் அடித்து நானே முழுதாகப் படித்தேன்.

"இருபத்தொரு நாள். எச்.எம். சொன்னாலும் தொடாதே."