தெற்குச் சுவர்

சுவர் ஓதத்தை உள்ளேயிருந்து சரிசெய்ய முடியாது, இன்ஸ்பெக்டர் அம்மா. உள்பக்கம் என்னதான் பூசினாலும் ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்த மழையில் உப்பிக்கொண்டு உதிரும். வெளியே மண்ணைத் தோண்டி, அஸ்திவாரம் வரை சுவரைத் திறந்து, தண்ணீர் வந்து தொடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும். ஆம்பூரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. வருஷா வருஷம் பெயிண்ட் அடித்துவிட்டு மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டு நிலவறை, அப்பா காலத்தில் உப்புத்தோல் அடுக்கிவைத்த குடோன். தோல் போய்விட்டது, உப்பு சுவரிலேயே தங்கிவிட்டது. மழை பிடித்தால் சுவர் வியர்க்கும். போன ஐப்பசியில் பாயெல்லாம் பூசணம் பூத்து, என் தங்கை சோபனாவுக்கு இருமல் வந்துவிட்டது. மாத்திரை, கஷாயம் எதற்கும் அது அடங்கவில்லை.

ஆமாம், அவள் அங்கேதான் இருந்தாள். நான்கு வருஷமாக. அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள், கட்டிங் செக்ஷன் கோபியோடு திருப்பத்தூர் போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக என்னிடமே வந்து சொன்னாள். நான் கை ஓங்கவில்லை, கத்தவில்லை. மனசு தெளிகிற வரை கீழே இரு என்று சொல்லிக் கதவைப் பூட்டினேன், அவ்வளவுதான். ஓசூரில் கட்டிக்கொடுத்துவிட்டேன் என்று தெருவிலும், தேடி வந்த கோபியிடமும் சொன்னேன். அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். இரண்டும் பொய்தான், மறுக்கவில்லை. வேளா வேளைக்குச் சோறு, ஞாயிற்றுக்கிழமையானால் பிரியாணி. கூடப் பிறந்தவன் இதற்கு மேல் என்ன செய்வான்?

காண்ட்ராக்டர் சமீருல்லா வந்து பார்த்தான். உள்ளே பூசினால் செலவு கம்மி, சீக்கிரம் முடியும் என்றான். அவன் உள்ளே போகக் கூடாதே. வெளியேயிருந்துதான் என்று பிடிவாதமாக நின்றேன். வேலை தெரிந்த ஆள் என்று அவன் என்னை மெச்சிக்கொண்டான்.

வேலை தொடங்கிய அன்று காலையிலேயே சோபனாவிடம் பேசினேன். உன் இருமலுக்காகத்தான் இவ்வளவும், ஒரு சத்தம் வந்தாலும் வேலையை நிறுத்திப் பல்பையும் கழற்றிவிடுவேன் என்றேன். தலையாட்டினாள்.

ஆட்கள் சுவரை ஒட்டிக் குழியில் இறங்கினார்கள். ஆரோக்கியமேரி என்ற பெண் கம்பி பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்தாள். அவளுக்கும் சோபனாவுக்கும் நடுவில் வெறும் செங்கல்தான். தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். "குழியில தண்ணியே இல்லியேண்ணே, மோட்டார் இன்னாத்துக்கு?" என்று சமீருல்லா கேட்டான். ஓடட்டும் என்றேன். சாயங்காலம் கீழே போனால் பாயின் ஓரத்தில் பல் பதிந்திருந்தது. இருமலை அப்படி அடக்கியிருக்கிறாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பூச்சு முடிந்தது. தார் அடித்து, ஷீட் ஒட்டி, அடியில் ஓட்டை பைப் பதித்து ஜல்லி போட்டார்கள். மற்ற பக்கமெல்லாம் மண் தள்ளியாகிவிட்டது, தெற்குச் சுவர்தான் பாக்கி. இனி பயமில்லை என்று மோட்டாரை அணைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை பார்க்கக் குழியில் இறங்கினேன்.

இங்கேதான் தப்பு செய்தேன். நான் டேனரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். தோல் போட்டுச் சுற்றும் பெரிய மரப் பீப்பாயை டிரம் என்போம். அதை ஓடவிடும் முன் பலகையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். கழுவப் போன ஆள் உள்ளே இருந்தால் திருப்பி இரண்டு தட்டுவான். எங்கள் டேனரியில் அது நான் போட்ட சட்டம். எனக்குச் சோறு கொண்டுவந்த நாட்களில் சோபனா அதைப் பார்த்திருக்கிறாள். மண்ணைத் தள்ளச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கை தானாகச் சுவரில் இரண்டு தட்டிவிட்டது.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

ஆரோக்கியமேரியும் முன்பு எங்கள் டேனரியில் வேலை பார்த்தவள். கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"உள்ள ஆள் இருக்குதுண்ணே."

எலி என்றேன்.

"எலி எண்ணித் தட்டுமா?" என்றவள் தானே மறுபடி தட்டினாள். பதில் வந்தது. அதன் பின்னாலேயே இருமலும் வந்தது. மண்ணைத் தள்ளுங்கள் என்றேன். ஒருத்தரும் அசையவில்லை. சமீருல்லா சாவி கேட்டுக் கையை நீட்டினான். கொடுத்துவிட்டேன். நான் சண்டைக்காரன் இல்லை.

ஆரோக்கியமேரியின் தோளைப் பிடித்துக்கொண்டு சோபனா படியேறி வந்தாள். வெயிலுக்குக் கண்ணை மூடியிருந்தாள். என் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"உன் தட்டுன்னு தெரிஞ்சுதான் திருப்பித் தட்டுனேன். நாலு வருஷத்துல இப்பதான்ணா, உள்ள ஆள் இருக்குதான்னு கேட்ட."

அதைக் கேட்டு அழுதேன். வேண்டுமானால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளை அடைத்துவைத்தவன் நான்தான், வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி, அம்மா. தெற்குச் சுவர் திறந்தபடியே கிடக்கிறது, மழை வந்தால் ஷீட்டெல்லாம் பிய்ந்துவிடும். சமீருல்லாவை அனுப்பி மண்ணைத் தள்ளி முடிக்கச் சொல்லுங்கள். அவள் திரும்பி வந்து படுக்கும்போது அறை காய்ந்திருக்க வேண்டும்.