தூங்குகிற பிள்ளையை நான் நம்புவதில்லை

தரையில் கிடக்கிறேன். கன்னத்தில் குளிர்ந்த டைல்ஸ். தலைக்கு மேல் மருந்து மேசை. எப்போது விழுந்தேன் என்று தெரியாது. சத்தம் கேட்டதும் உடம்பு தானாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

"அக்கா, வேட்டுக்கா! சாமி பொறப்பாடு!" என்று சிரிக்கிறாள் மஞ்சுளா. என்னோடு வேலை செய்யும் நர்ஸ். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, அதில் அவசரப் பிரிவு. பக்கத்து நெசவாளர் தெருவில் திருவிழா. சாயங்காலம்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வாணவேட்டுக்கு முதலில் ஒரு உஸ் உண்டு. பிறகுதான் டம். இதற்கு உஸ் இல்லை. டம் மட்டும். அதுவும் தரையோடு வந்தது. அது மேலே போய் வெடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் போரில், ஒன்பது வயதுவரை, இந்த மாதிரி வித்தியாசத்தைக் கேட்டுத்தான் நான் உயிர் பிழைத்தேன். பிறகு படகு. அகதி முகாம். நர்சிங் படிப்பு. இந்த ஊர்.

எழுந்து கையுறை போட்டேன். ஆட்டோக்களின் ஹாரன் தொடங்கியது.

"வழி உடுங்க! வழி உடுங்கபா!"

பிள்ளைகள். கரி படிந்த முகங்கள். அலறல். வெடிமருந்து வாசனை. அந்த வாசனையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு பிள்ளையைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும். யாரைத் தேடுகிறது. எப்படி மூச்சு விடுகிறது. என்ன நிறம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் பிரிவில் அந்தப் பழமொழி செல்லாது. அழுகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது. அது கொஞ்சம் காத்திருக்கும்.

ஒரு தறிக்காரர் வந்தார். ஒரு கையில் மகன். விரலில் ரத்தம், தொண்டை கிழியக் கத்தல். தோளில் நாலு வயது மகள். அரக்குப் பட்டுப் பாவாடை. ஒரு கீறல் இல்லை. தூங்குகிறாள்.

"பையனப் பாருமா மொதல்ல! இதுக்கு ஒண்ணுமில்ல, தூங்கிக்கினு இருக்குது. தறிக்குப் பக்கத்துல தூளி கட்டி வளர்த்த புள்ளமா. இடி வுழுந்தாலும் எழுந்துக்காது."

பொய் சொல்லவில்லை அவர். தறி வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான். தறியில் நாடா ஓடி அடிக்கிற சத்தமே தாலாட்டு. சத்தம் நின்றால்தான் விழிக்கும்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. எங்கேயோ கேட்ட பேச்சு அது.

யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூடம் ஒன்றில் ஆஸ்பத்திரி. வெளியே பீரங்கிச் செல் விழுகிறது. அம்மாவின் மடியில் தம்பி குகன். பக்கத்தில் நான். "காயக்காரரை முன்னுக்குக் கொண்டு வாங்கோ!" என்று கத்துகிறார் ஒருவர். கத்துகிறவர்களெல்லாம் முன்னுக்குப் போனார்கள். "இவன் நித்திரை," என்றாள் அம்மா. பங்கர்க் குழிக்குள் தூங்கப் பழகிய பிள்ளைகள் நாங்கள். செல் சத்தத்துக்கு விழிக்க மாட்டோம். யாரும் சந்தேகப்படவில்லை.

சிறுமியின் நகத்தை அழுத்திக் கையை எடுத்தேன். வெளுத்தது. சிவப்பு திரும்பவில்லை. மூச்சு மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கிள்ளினேன். முகம் சுளிக்கவில்லை.

"இது தூக்கம் இல்லை. டாக்டரைக் கூப்பிடு, மஞ்சுளா!"

கத்தரியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெட்டாதமா! நானே நெய்ஞ்சது. இன்னிக்குத்தான் கட்டிவிட்டோம்."

வெட்டினேன். பட்டு லேசில் வெட்டுப்படாது. இடது விலாவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீலம். வயிறு கல்லாக இருந்தது. வேட்டு தரையிலேயே வெடித்த வேகத்தில், தெருவில் வைத்திருந்த இரும்புத் தடுப்பின் மேல் போய் விழுந்திருக்கிறாள். அப்பா உடனே தூக்கித் தோளில் போட்டிருக்கிறார். அங்கேயே தூங்கிவிட்டாள் என்று நம்பியிருக்கிறார்.

மருத்துவர் ஓடி வந்தார். ஸ்கேன் வைத்தார். வயிறு முழுக்க ரத்தம். ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. அறுவை அறைக் கதவு மூடியது. தறிக்காரர் வெட்டுப்பட்ட பாவாடையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு அம்மாவின் ஞாபகம் வந்தது. கோபம் போய்விட்டது. அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் சிறுமிக்கு ஊசி போட்டேன். அலறினாள். என்னை எட்டி உதைத்தாள். அப்போதுதான் அவளை நம்பினேன். வெளியே போய் அழுதேன்.

இனி கணக்கு.

காஞ்சிபுரத்தில் அந்தச் சாயங்காலம் போனவை: வேட்டு வைத்தவரின் ஒரு கண். பையனின் சுண்டுவிரல் நுனி. சிறுமியின் மண்ணீரல். ஒரு பட்டுப் பாவாடை. உயிர் ஒன்றும் போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் அந்த ஒரு நாளில் போனவை: எங்கள் வீடு. கன்றோடு பசு. பக்கத்து வீட்டில் மூன்று பேர். தம்பி குகன், ஐந்து வயது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.