றோயின் கைகளுக்கு வாங்கிய சாமான்கள்

வீட்டிலேயே விமானம் ஓட்டிப் பழக சிமுலேற்றர் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கணினியில்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். அது பிழை. திரையில் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். கை பொறுக்காது. ஆகவே முதலில் கைக்கு வாங்க வேண்டும், பிறகு காலுக்கு. கண்ணுக்கு வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

விபத்தை விசாரிக்க வந்த நீங்கள், றோயின் வீட்டுப் பின்னறையில் இருந்த சாமான்களின் பட்டியலைத்தான் என்னிடம் கேட்டீர்கள். நகரத்தில் கம்பியூட்டர் கடை வைத்திருப்பவன் என்பதால் கேட்டிருப்பீர்கள். அவை எல்லாவற்றையும் தெரிவு செய்தவனே நான்தான். பெயர் அன்ரோ. றோயின் மனைவி சுகந்தினி என் தங்கச்சி. ஒவ்வொரு சாமானையும் ஏன் தெரிவு செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சட்டம் அலுமினியம். காத்தான்குடியில் ஜன்னல் பொருத்துகிற நௌஷாட் அளவாக வெட்டித் தந்தார். பலகை என்றால் வாவிக் காற்றில் ஊதிவிடும். இருக்கை, பழைய வேன் ஒன்றில் கழற்றியது. மூன்று மொனிற்றர். கரண்ட் போனாலும் பயிற்சி பாதியில் நிற்காதபடி ஒரு பற்றரிப் பெட்டி. கைக்கு, விமானத்தில் இருப்பது போன்ற ஸ்ரியறிங். தள்ளலாம், இழுக்கலாம், திருப்பலாம். அதற்குள் இருப்பது காந்த சென்சர். மலிவான வகை உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் நடுங்கத் தொடங்கும். ஸ்பிரிங்கை மட்டும் நான் கழற்றிவிட்டு இன்னும் இறுக்கமான ஒன்றைப் போட்டேன். இறுக்கமாக இருந்தால்தான் கை மறக்காது.

எல்லாம் நல்ல சாமான்கள். கடைக்காரன் என்ற முறையில் என்னில் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

இனி றோய் வாங்கிய பறக்கும் வண்டி. முக்கோணச் செட்டையின் கீழே தொங்குகிற மூன்று சில்லு வண்டி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். அதை இணையத்தில் கண்டுபிடித்தது நான். சுற்றுலாக்காரரை அதில் ஏற்றி மட்டக்களப்பு வாவிக்கு மேலே ஒரு சுற்றுக் காட்டலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். றோய் கட்டாரில் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்த ஏழு வருடமும் இங்கே அனுமதிக் கடிதங்கள் எழுதியவன் நான். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வட்டை வட்டையாக வயல் வெளியில் அலைந்து, ஓடுபாதைக்கு மேட்டுக் காணி பிடித்தவனும் நான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில், "நாம ரெண்டு பேரும் மாறி மாறி ஓட்டுவம் மச்சான்" என்பான். நான் அதை நம்பியிருந்தேன்.

வண்டி வந்து இறங்கிய கிழமை, வேறு வேலையாக அச்சகத்துக்குப் போனேன். அங்கே எங்கள் பதாகை விரித்துக் கிடந்தது. உரிமையாளரும் விமானியும் றோய். படமும் அவனுடையது. என் பெயரைத் தேடினேன். அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும்கூடக் கீழ் மூலையில் இருந்தன. என் பெயர் இல்லை.

போய்க் கேட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னான்.

"உனக்குக் கண்ணுல பிரச்சினை இரிக்குத்தானே மச்சான், லைசன்ஸ் தரமாட்டானுகள். நீ கீழ நிண்டு ரிக்கற்றப் பாரு. அதுக்கும் நம்பிக்கையான ஆள் ஒண்டு வேணும்."

செய்தது துரோகம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. தங்கச்சியிடம் சொன்னேன். "அவரு சொல்றதும் சரிதானே அண்ணா" என்றபடி என் தேத்தண்ணிக்குச் சீனி போட்டாள். அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். இது பாயவும் இல்லை, கரண்டியால் கலக்கிக் கையில் தந்தது. நான் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது றோய் சொன்னான், பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைக்கும்வரை வீட்டில் பழக ஒன்று கட்ட வேண்டுமாம். "சாமான் தெரிவெல்லாம் உன்ட பொறுப்பு. எனக்கு இதுகள் விளங்காது."

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், பக்கத்தில் இருந்து எழுதுகிறவருக்காகச் சொல்கிறேன். சாதாரண விமானத்தில் பிடியை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் மூக்கு மேலே எழும். றோயின் வண்டியில் இருப்பது ஒரு குறுக்குக் கம்பி. அதை இழுத்தால் மூக்கு கீழே போகும், தள்ளினால்தான் எழும். நேர் எதிர். நான் வாங்கிய ஸ்ரியறிங் சாதாரண விமானத்துக்குரியது. ஒரு குழாயைத் தொங்கவிட்டு அதே சென்சரை அதில் பூட்டியிருந்தால் அவனுடைய வண்டிக்குப் பொருந்தியிருக்கும். அவ்வளவுகூட வேண்டாம். மென்பொருளில் திசையை மாற்றுவதற்கென்றே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் ஒரு சரி அடையாளம் போட்டால் போதும். அதைப் பார்த்தேன், வெறுமையாக விட்டேன்.

இந்த யோசனையை எனக்குத் தந்தது றோய்தான். கட்டாரிலிருந்து வந்த புதிதில் சிக்னல் போடப் போய் வைப்பரைப் போடுவான். அங்கே ஓட்டிய வாகனத்தில் இரண்டும் இடம் மாறி இருந்ததாம். சில கிழமையில் திருந்திவிட்டான். ஆனால் ஒரு நாள் கல்லடியில் ஓட்டோ ஒன்று திடீரென்று முன்னால் நிற்க, அவன் பதறி வாகனத்தைப் பக்கத்துக்கு வெட்டினான். நல்ல வெயில், வைப்பர் ஆடியது. பக்கத்து இருக்கையில் இருந்த நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிதானமாக இருக்கும்போது மனிதன் புதிதாகப் பழகியதைச் செய்கிறான். பயந்தால் பழையது வந்துவிடுகிறது.

எட்டு மாதம் பழகினான், ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம். நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தேன். எதிர்பாராத நேரத்தில் திரையில் எஞ்சினை நிறுத்துவேன், காற்றைக் கூட்டுவேன். "மூக்கு விழுது, இழு" என்பேன். முதலில் யோசித்து இழுத்தான். பிறகு நான் சொல்லும் முன்பே இழுத்தான். நல்ல மாணவன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குப் போன இரண்டாம் கிழமை போன் எடுத்தான்.

"மச்சான், இஞ்ச எல்லாம் தலைகீழா இரிக்கு. மாஸ்டர் ஏசுறாரு. வீட்டுல பழகினத விட்டுரவா?"

"விடாத. லீவுல வந்தா இன்னும் கொஞ்சம் பழகு. கைக்கு ரெண்டும் தெரிஞ்சிரிக்கிறது நல்லந்தான்."

ஓம் என்றான். ஒவ்வொரு லீவிலும் வந்து பழகினான். நிதானமான நேரத்தில் சரியாகவே ஓட்டினான், லைசன்ஸும் கிடைத்தது.

திறப்பு நாளில், முதல் ஓட்டத்துக்குப் பின்னிருக்கை எனக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. "அப்ப நான் ஏறுறன்" என்று சுகந்தினி வந்தாள். அவளுடைய ஹெல்மெட் வார் தளர்ந்திருந்தது. நான் இறுக்கிவிட்டேன்.

மிச்சம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது. வாவிக்கு மேலே தாழ்வாகத் திரும்பும்போது கொக்குக் கூட்டம் ஒன்று எழும்பியது. றோய் கம்பியை நெஞ்சோடு சேர்த்து இழுத்தான், வண்டி மூக்குக் குத்தி வாவிக்குள் விழுந்தது. தோணிக்காரர்கள் அவனைத் தூக்கிவிட்டார்கள். வண்டிக்குள் சிக்கியிருந்த அவளைத் தூக்க நேரமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் கட்டோடு கிடக்கிறான். "என்ட கைதான் மச்சான் அவளச் சாகடிச்சது" என்று என்னிடம் அழுதான். பார்க்க வருகிற எல்லோரிடமும் அதையே சொல்கிறான், எல்லோரும் அவனுடைய தலையைத் தடவுகிறார்கள். உங்கள் அறிக்கையும் விமானியின் தவறு என்றுதான் முடியப்போகிறதாம். எட்டு மாதம் பாடுபட்டவன் நான், அதுவும் அவன் பெயரிலேயே போகிறது. இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. றோயின் கைகளில் பிழை இல்லை. அவற்றைப் பழக்கியவன் நான். அவன் விழ வேண்டும் என்றுதான் பழக்கினேன்.

உங்கள் ஆள் எழுதுவதை நிறுத்திவிட்டு, தங்கச்சி ஏறும்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறார். நேரம் இருந்தது. வாரை இறுக்கும்போது அவளுடைய காது என் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் சொன்னால் அடுத்த நிமிடமே அவனிடம் சொல்லியிருப்பாள். அவளை நம்ப முடியாது, ஐயா.