ஓடிப்போன தையல்காரியோட விலாசம்

ராத்திரி பதினொன்றரை இருக்கும். யுனிவர்சிட்டி லைப்ரரில இருந்து ஹாஸ்டலுக்குப் போற பின்பக்க ரோடு... ஒரு நாய்கூட இல்ல. டேய், சிரிக்காத. என் ஃப்ரெண்டோட அக்காவுக்கு நிஜமாவே நடந்தது. லைட்ட மட்டும் யாரும் அணைச்சுடாதீங்க.

அந்த அக்கா ஆராய்ச்சி பண்ணது அமெரிக்காவோட ஆரம்பகால வரலாறு. வீட்ல தினமும் இதே பாட்டுதான். "எவனோ அமெரிக்காக்காரன் கதைய படிச்சு நீ என்னடி கிழிக்கப் போற?"னு அவங்க அப்பா. கைடு அதுக்கும் மேல. "புதுசா ஏதாவது கண்டுபிடி, இல்லைன்னா மூட்டைய கட்டு."

அந்தக் காலத்துல அடிமைங்க தப்பிச்சு ஓடினா, முதலாளி பேப்பர்ல விளம்பரம் போடுவான். அப்படி ஒண்ணு அக்கா கையில சிக்குச்சு. ஒரு தையல்காரி, இடது மணிக்கட்டுல தீக்காயம், பிடிச்சுக் கொடுத்தா சன்மானம். ஆனா அவ மாட்டவே இல்ல. எங்க போனான்னு இருநூறு வருஷத்துக்கு மேல ஒருத்தனுக்கும் தெரியாது.

அக்கா கண்டுபிடிச்சுட்டாங்க. வடக்க ஒரு துறைமுக ஊரு. வேற பேரு, அதே தையல் வேலை, அதே மணிக்கட்டுல அதே காயம். கூட ஒரு சின்னக் குழந்தை. அன்னிக்கு ராத்திரி துள்ளிக்கிட்டு வராங்க.

பின்னாடி பூட்ஸ் சத்தம். சரக்... சரக்... கூடவே சன்னமா இரும்புச் சங்கிலி உரசுற சத்தம். ஈரத்தோல் வாடை. புகையிலை வாடை. திரும்பினா ஒரு வயசான ஆளு. நீளக் கோட்டு, முட்டி வரைக்கும் சேறு. அன்னிக்கு மழையே இல்லடா.

மறுநாள் கருத்தரங்குக்கு வந்த புரொஃபசர்னு அக்கா நினைச்சுட்டாங்க.

"கண்டுபிடிச்சுட்டீங்களாமே?"

பாவம்... முதல் தடவையா ஒருத்தர் அவங்க ஆராய்ச்சியப் பத்திக் கேக்குறார். கொட்டிட்டாங்க. ஊரு, தெரு, ரொட்டிக்கடை, அதுக்கு மேல மாடி, எல்லாம்.

"மாடிப்படி முன்பக்கமா, பின்பக்கமா?"

"பின்பக்கம் சார்."

"ரொம்ப உபகாரம்மா."

தொப்பியத் தொட்டுட்டு இருட்டுக்குள்ள போயிட்டார். கொஞ்ச நேரத்துல குதிரைக் குளம்புச் சத்தம்... தூரமா, வேகமா. அப்பதான் அக்காவுக்கு உறைச்சுது. மாடிப்படி எந்தப் பக்கம்னு எந்தப் புரொஃபசருக்குடா வேணும்?

மறுநாள் கருத்தரங்குல ஒரே கைதட்டல். கைடு பல்லெல்லாம் தெரியச் சிரிச்சார். சீட்டு தப்பிச்சுது. அப்பா சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டுப் பீத்திக்கிட்டார்.

அன்னிக்கு ராத்திரி ரூம் கதவ யாரோ தட்டுறாங்க. சத்தம் தாழ்ப்பாள் உயரத்துல இருந்து வரல... கீழ, முட்டி உயரத்துல இருந்து.

அக்கா திறக்கல. இன்னிவரைக்கும் திறக்கல. ரூம் மாத்தினாங்க, ஊரே மாத்தினாங்க. தட்டுறது நிக்கல.

சின்னக் குரலாம். அழுகைகூட இல்லயாம்... மெதுவா, மரியாதையா கேக்குமாம்.

"அக்கா... எங்கம்மாவ எப்ப விடுவாங்க?"