பிரேக்கில் ஒன்பது வருஷம்

இதுவரை பொறுமையைப் பற்றிப் பேசினேன். இப்போது ஒரு தாளை எடுக்கிறேன், பாருங்கள். இதில் உள்ளது நானே எழுதியது. எழுபத்திரண்டு வயதில் நம் மாலை வகுப்பில் பழகிய கை. ஒரு வரி மேலே ஏறும், ஒரு வரி கீழே சரியும். நடுவில் நான் நின்றால்... என் எழுத்தை நானே தேடுகிறேன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன சம்பவம், கேளுங்கள்.

என் தம்பி சின்னையன் மகளுக்குக் கல்யாண வரவேற்பு, திருவெறும்பூரில். தம்பியோடு நான் பேசி ஒன்பது வருஷம். ஏன்? எங்கள் அம்மா இறந்த அன்று, நான் பஸ் பிடித்து வந்து முகம் பார்ப்பதற்குள் உடலை எடுத்துவிட்டான். ஒரு மணி நேரம்... ஒரே ஒரு மணி நேரம் காத்திருக்கவில்லை.

என் மகன் அறிவழகன் புதிதாக வாங்கிய ஆட்டோமேட்டிக் காரில் போகிறோம். பால்பண்ணைக்கிட்டே நெரிசல். வண்டிகள் அசையவில்லை. எங்களுக்கு முன்னால் ஒருவர் பைக்கில் முட்டைத் தட்டுகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

கியர் கம்பிக்குப் பக்கத்தில் நான்கு எழுத்து. இங்கிலீஷ். நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. அதனால் மகனைக் கேட்டேன்.

“இதுல எதுப்பா நிக்கிறதுக்கு?”

“முதல் எழுத்து நிக்கிறதுக்கு, கடைசி எழுத்து ஓடுறதுக்குப்பா. இப்ப அதுலதான் இருக்கு.”

“நிக்குதேப்பா?”

“பிரேக்குல கால் வெச்சிருக்கேன்ல. அதை விடுங்க... அங்க வந்து சித்தப்பாவ எதுவும் கேட்டுடாதீங்க. பொண்ணு மேடையில நிக்கும்.”

“எனக்கு என்னப்பா கோபம்? அதெல்லாம் அன்னைக்கே போயாச்சு.”

“போயாச்சா?” என்று என் முகத்தைப் பார்க்கத் திரும்பினான். திரும்பியதில் கால் கொஞ்சம் தளர்ந்தது. அவ்வளவுதான். அவன் எதையும் மிதிக்கவில்லை. வண்டி தானாகவே மெல்ல நகர்ந்து பைக்கை முட்டியது.

பைக்கில் இருந்தவர் இறங்கி வந்தார். பின்னால் மஞ்சள் கரு சொட்டுகிறது.

“ஏங்க, நின்னுக்கிட்டுதானே இருந்தீங்க?”

“நிக்குதுன்னுதாங்க நானும் நெனச்சேன்” என்றான் மகன்.

“ரெண்டு முட்டையோட போச்சு. பேச்சை வீட்ல வெச்சுக்குங்க, தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகன் கம்பியை முதல் எழுத்துக்குத் தள்ளினான். “இப்பக் காலை எடுத்தாலும் நிக்கும்ப்பா” என்றான். என் வலது கால் கட்டை மாதிரி விறைத்திருந்தது. காரை ஓட்டியவன் அவன்... அழுத்திக்கொண்டிருந்தவன் நான்.

மண்டப வாசலில் தம்பி நின்றான். என்ன சொன்னான் தெரியுமா?

“வாங்கண்ணே. இப்பதான் வழி தெரிஞ்சுதா?”

நாக்கு நுனியில் அம்மா வந்துவிட்டாள். உள்ளே மேளம் கேட்கிறது. மேடையில் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தை விட்டால் அந்தப் பிள்ளையின் நாள் கெட்டுப்போகும். விடாமல் உள்ளே போனால்... இன்னும் ஒன்பது வருஷம்.

பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். “சின்னையா, எனக்குக் கோபம் இருக்கு. போகலை. வாயால சொன்னா சண்டையாயிடும். அடுத்த வாரம் எழுதி அனுப்புறேன்.”

“நீங்களா எழுதுவீங்க?”

“இப்ப எழுதுவேன்.”

தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, “எனக்கும் சொல்ல வேண்டியது இருக்குண்ணே. எழுதுங்க. முதல்ல வந்து பொண்ணை ஆசீர்வாதம் பண்ணுங்க” என்றான்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். நீங்கள் அமைதியாக இருக்கிறீர்களா, அழுத்திக்கொண்டு இருக்கிறீர்களா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். சும்மா இருக்கிற மனிதரைப் பொறுமைசாலி என்பார்கள். உங்கள் காலுக்குத்தான் தெரியும். யாரோ ஒருவர் கூப்பிட்டு நீங்கள் திரும்பினால் போதும்... முன்னால் நிற்கிறவர் யாரோ, அவருடைய முட்டை உடையும். கோபம் இருந்தால் இருக்கிறது என்று உரியவரிடம் சொல்லிவிட்டுக் காலை எடுங்கள்.

அடுத்த வாரம் என்று சொன்னேன் அல்லவா? இந்தத் தாளைத் திருப்பினால் அந்தக் கடிதம் இருக்கிறது. நான்கு வரி ஆகியிருக்கிறது. ‘அம்மா முகம்’ என்ற இடத்தில் நிற்கிறேன்... கால் வலிக்கவில்லை.