மொதலாளியோட கை

வா அண்ணாத்தே, அந்தத் துணியத் தள்ளிட்டு சேர்ல குந்து. மேனேஜர் கங்காதரன் ஞாயித்துக்கெயமையும் அதுவுமா, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்லேர்ந்து திருமுல்லைவாயிலுக்கு என் ஊட்டத் தேடிக்கினு வந்துகீறன்னா சும்மாவா? என் பொண்டாட்டி கண்ணம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட நீ வர்ல. சரி வுடு.

சென்சார் ஒயர மாட்னியா இல்லியா, அதானே கேட்டுக்கினு வரச் சொன்னாரு மொதலாளி? சொல்றேன், இரு. நாளைக்கு லேபர் ஆபீஸ்காரங்க மிஷினுக்கு வெச்ச சீல உடைச்சுப் பாக்கப் போறாங்க, தெரியும். எனக்கும் நோட்டீஸ் வந்துகீது.

மொதல்ல நீ சொல்லு. அந்தப் பவர் பிரஸ்ல கை உள்ள போனா மிஷின நிறுத்துமே அந்த சென்சாரு, வருசத்துல எத்தினி நாளு வேல செய்யும்? ஒரே நாளு. லேபர் ஆபீஸ்லேர்ந்து இன்ஸ்பெக்சன் வர்ற நாளு. மத்த நாளெல்லாம் ஒயரக் கழட்டிட்டு டைரக்டா கரண்ட் குடுத்துருவோம். இல்லாங்காட்டி மிஷின் சும்மா சும்மா நிக்கும், அடிக்கற பீஸ் கொறையும். கழட்றதும் நான்தான், மாட்றதும் நான்தான். எலக்ட்ரீசியன் கஜபதிக்கு வேற இன்னா வேல?

அன்னிக்கு மட்டும் மொதலாளி இன்னா ஜோரு! சட்டைக் கைய மடிச்சு வுட்டுக்கினு, ஆபீசர் முன்னாடி தன் கையையே உள்ள நீட்டுவாரு. மிஷின் டப்புனு நிக்கும். பாருங்க சார், தொழிலாளிங்க எங்க புள்ளைங்க மாதிரிம்பாரு. நீ தலைய ஆட்டிக்கினு நிப்ப.

கண்ணம்மா அதே பிரஸ்ல வேல செஞ்சுக்கினு கைய நசுக்கிக்கின அன்னிக்கு ஒயரு கழட்டிதான் இருந்துச்சு. இல்லேன்னு சொல்லு பாப்போம். ஆட்டோ அவளத் தூக்கிக்கினு கேட்டத் தாண்டல, நீ என் தோளப் புட்ச்சு இழுத்த. ஆபீசர் வர்றதுக்குள்ள மாட்டிருடா, கழட்னவன் நீதான், உன்னத்தான் உள்ள தள்ளுவாங்கன்ன. மாட்னேன். அவ ரத்தம்கூட காயல, அது மேல நின்னுக்கினே மாட்னேன். வந்த ஆபீசர் பாத்தாரு, சென்சார் சூப்பரா வேல செய்யுது. தொழிலாளியின் கவனக்குறைவுனு எழுதிட்டுப் பூட்டாரு.

நாலு வெரலு போச்சு அண்ணாத்தே. ரெண்டு வருசமா நஷ்ட ஈடு மனுவத் தூக்கிக்கினு அலையறா, அந்த ஒரு வரியக் காட்டியே திருப்பி அனுப்பறாங்க. இன்னி வரைக்கும் என்ன ஒரு வார்த்த கேக்கல அவ.

வெள்ளிக்கெயமை நீயும்தான் இருந்த. இன்ஸ்பெக்சனுக்குப் புதுசா வந்த ஆபீசர் தாட்சாயிணி மேடம் நிக்கறாங்க. மொதலாளி கைய மடிச்சுக்கினு வந்தாரு. நான் அவரு காதுல சொன்னது ஒண்ணே ஒண்ணு. சார், ஒயரு மாட்னனானு ஞாபகம் வர்ல சார். அவ்ளோதான். நீட்ன கை அப்டியே நின்னுச்சு பாத்தியா? வேர்த்து ஊத்துச்சு மனுசனுக்கு. காட்டுங்க சார்னாங்க மேடம். காட்ல. மறுக்கா கேட்டாங்க. கைய பேண்ட் பாக்கெட்டுக்குள்ள வுட்டுக்கினாரு. அப்பதான் மெயின ஆஃப் பண்ணி, யாரும் தொடக்கூடாதுனு சீல் வெச்சாங்க. ரெண்டு வருசம் கழிச்சு அன்னிக்கு ராத்திரிதான் நான் நிம்மதியா துன்னேன்.

சரி, கேக்க வந்ததச் சொல்லிர்றேன். மாட்டிதான் கீது. காலைல ஏழு மணிக்கே மாட்டி, மூணு தபா செக் பண்ணேன். அவரு கைய வுட்ருந்தாலும் ஒரு கீறல் வுயுந்துருக்காது. அடுத்தவன் கையக் காவு குடுக்கறது உங்க வேல, எனக்கு எதுக்கு அது?

இன்னா, மூஞ்சி மலர்ந்துருச்சு? போன் போடப் போறியா? போடு. இதையும் சேத்துச் சொல்லு. நாளைக்கு சீல உடைப்பாங்க, மிஷின் நல்லா கீதுனு எழுதுவாங்க. அப்பால மேடம் கேப்பாங்க. மிஷின் எப்பவுமே இப்டிதான்னா, நீங்க ஏன் சார் கைய வுட பயந்தீங்க? அதுக்கு அவரு ஒரு பதிலு ரெடி பண்ணிக்கட்டும்.

ஆமா, என்னையும்தான் கேப்பாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மாட்னதச் சொல்லுவேன். யாரு மாட்டச் சொன்னாங்கனும் சொல்லுவேன். என் மேலயும் கேஸ் வரும், வர்ட்டும்.

இன்னா எந்திரிச்சுட்ட? டீயக் குடிச்சுட்டுப் போ. கண்ணம்மா போட்டது, ஒத்தக் கையால. கிளாஸப் புடி அண்ணாத்தே. இன்னா, நீயும் கைய பாக்கெட்டுக்குள்ள வுட்டுக்கின?